கொசுவலையின் மஞ்சள் ஒட்டு

தம்பி,

காளிகாட் பக்கம் உன் சிநேகிதனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறாய். நீ திரும்பி வருவதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். உள்ளே உன் அம்மா உன் பயணத்துக்கு ஹோல்டால் படுக்கைப் பையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அதன் வாரைக் கட்டுவதற்கு முன்னால் இந்தக் காகிதம் அவள் கைக்கு வரவேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. வராவிட்டால் அவளே உன்னிடம் சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிடுவாள், இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும். நான் முப்பது வருஷம் ஆய்வுக்கூடத்தில் மண்ணை நொறுக்கிச் சலித்துக் கரைத்தவன். எதையும் முதல் படியிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குப் பேச்சு வரும். நேரிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். நாலு நாளாக முயன்று பார்த்தேன். நேற்று நீ பல் தேய்க்கும்போது பின்னால் வந்து நின்றேன். "என்னப்பா?" என்றாய். "பேஸ்ட் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, ரஸ்பிஹாரி முனையில் கல்கத்தா பாதாள ரயிலுக்காகத் தோண்டிப் போட்ட சகதியை மிதித்துக்கொண்டு லேக் மார்க்கெட்டுக்குப் போனோம். காபிக்கொட்டை அரைபடுவதற்காகக் காத்து நின்றபோது கடைக்கார அண்ணாச்சி உன்னிடம், "வேலை எந்த ஊர்லடே?" என்று கேட்டார். செம்புச் சுரங்கம், பீகார்ப் பக்கம், சுரங்கத்துச் சேறு பாய்ந்து கெட்டுப்போன நிலங்களைத் திரும்பவும் விளைய வைக்கும் திட்டம் என்று சொன்னாய். அதோடு நீ நிறுத்தியிருக்கலாம். "அங்க ஒரு பழைய ஃபைல் படிக்கக் குடுத்தாங்க, அண்ணாச்சி. அதுல எங்கப்பா கையெழுத்து இருக்கு. பித்தளைச் சல்லடையில மண்ணைச் சலிச்சிட்டேன், அதனாலதான் செம்பு அதிகமாக் காட்டுது, இந்த முடிவை எடுத்துக்க வேண்டாம்னு தன் தப்பைத் தானே எழுதிக் குடுத்திருக்காரு. எந்த ஆபீசர் அப்படி எழுதுவாரு?" என்றாய். அண்ணாச்சி என்னைப் பார்த்து, "தராசு முள்ளு நிக்கிற வரைக்கும் கண்ணை எடுக்காத மனுசருல்லா. எழுதத்தான் செய்வாரு," என்றார். நீ என் தோளில் கை போட்டாய். இருபத்து நாலு வயதில் முதல் தடவையாக. எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடக்கூடாதா என்று இருந்தது.

அந்தக் காகிதத்தில் இருப்பது பொய். அந்த மண்ணை நான் பித்தளைச் சல்லடையில் சலிக்கவே இல்லை. முதலில் வந்த எண்கள்தான் சரியான எண்கள். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. காலை பதினோரு மணிக்கு, டீ குடித்து முடித்து, தெளிந்த புத்தியோடு எழுதினேன். உன் அம்மா இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவாள் என்றேனே, அது இதைத்தான். நீ இத்தோடு மடித்து வைத்துவிட்டாலும் விஷயம் உனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நீ அங்கே போய்ச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்கு மிச்சமும் தெரிய வேண்டும்.

நீ அப்போது நாலாம் வகுப்பு. அந்த வருஷ மழையில் சுரங்கத்துச் சேற்றுக் குட்டையின் கிழக்குக் கரை உடைந்து கீழே இருந்த வயல்களில் பாய்ந்துவிட்டது. தாதுவை மாவாக அரைத்துச் செம்பை எடுத்தபின் மிஞ்சுகிற சாம்பல் நிறச் சேறு அது. சுரங்கத்தில் வெறும் மணல்தான், ஒன்றும் செய்யாது என்றார்கள். ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். மண்ணைச் சோதித்துச் சொல்லும் வேலை எங்கள் கூடத்துக்கு வந்தது. ஹவுராவில் காலை வண்டியைப் பிடித்து மதியம் போய் இறங்கினேன். லக்கன் மாஜி என்பவர் அந்த வயல்களில் ஒன்றுக்குச் சொந்தக்காரர். என்னைவிட மூத்தவர். அந்த நாளில் அவரைப் போன்றவர்களை நாங்கள் ஆபீசில் 'அவன்' என்றுதான் பேசுவோம், நானும் அப்படித்தான் பேசினேன். மூன்று நாள் என் பின்னாலேயே மண்வெட்டியோடு நடந்தார். எந்த வயலில் சேறு எவ்வளவு உயரம் நின்றது என்று தன் முழங்காலில் கை வைத்துக் காட்டினார். நான் ஒவ்வொரு வயலிலும் பத்து இடத்தில் மண் எடுத்துக் கலந்து பையில் போட்டேன். ஒரு நெற்பயிரைப் பிடுங்கி எனக்கு வேரைக் காட்டினார். வேர் நீளவே இல்லை. மழித்து இரண்டு நாளான தாடிபோலக் குட்டையாக, தடித்துப் போய், பழுப்பாக இருந்தது. வங்காளியும் தன் பாஷையும் கலந்து அவர் சொன்னது எனக்குப் புரிந்தவரை இது: "பாபு, இது பசியில சாகலை. சாப்பிட்டுச் செத்திருக்கு. நான் சொன்னா அவங்க நம்ப மாட்டாங்க. உங்க மெஷின் சொன்னா நம்புவாங்க. நீங்க சொல்லுங்க." சொல்கிறேன் என்றேன்.

அவர் வீட்டில் எனக்கு டீ கொடுத்தார்கள். மூன்று நாளும் கொடுத்தார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லி, ஒரு நாளும் நான் குடிக்கவில்லை. என் தண்ணீரை நான் கல்கத்தாவிலிருந்தே கொண்டு போயிருந்தேன். அந்த வயலோரத்துக் கிணற்றைப் பார்த்ததும் எனக்குப் பயம். அதே கிணற்றில் அந்த வீட்டுப் பெண் குடத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள், அவளிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னும் சோதித்துப் பார்க்காததை எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உனக்கும் அங்கே டீ கொடுப்பார்கள். குடிப்பதும் குடிக்காததும் உன் இஷ்டம். குடிக்கவில்லை என்றால் ஏன் குடிக்கவில்லை என்று அவர்களிடம் சொல்லிவிட்டு எழுந்திரு.

இனி சல்லடை. மண்ணை உலர்த்தி மரக்கட்டையால் நொறுக்கிச் சலித்துத்தான் சோதனைக்கு எடுக்க வேண்டும். எங்கள் கூடத்தில் இருந்தவை எல்லாமே பித்தளைச் சல்லடைகள். பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. செம்பு எவ்வளவு இருக்கிறது என்று தேடுகிறவன் அதில் எப்படிச் சலிப்பான்? நைலான் சல்லடை வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஸ்டோர்ஸில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து புலம்பினேன். உன் கட்டிலுக்கென்று அம்மா அப்போதுதான் கரியாஹாட்டில் புது நைலான் கொசுவலை வாங்கி வைத்திருந்தாள். "இந்தக் கண்ணு அளவு போதுமா பாருங்க," என்றாள். போதும் என்றேன். கால்மாட்டு மூலையில் ஒரு சாண் சதுரத்துக்கு வெட்டி, தன் எம்பிராய்டரி மர வளையத்தில் முறுக்கி இழுத்துப் பூட்டிக் கொடுத்தாள். வெட்டிய இடத்தில் தன் பழைய மஞ்சள் புடவைத் துண்டை வைத்துத் தைத்தாள். எலி கடித்துவிட்டது என்று உன்னிடம் சொன்னோம். நீ பத்து வருஷம் அந்த வலைக்குள்தான் தூங்கினாய்.

லக்கன் மாஜியின் வயல் மண் முழுக்க அந்த வளையத்தில் சலித்ததுதான். செம்பு இருந்தால், மருந்து விட்டதும் கரைசல் மஞ்சளாக மாறும், அதிகமாக இருந்தால் பழுப்பு ஏறும். நிறத்தைக் கருவியில் வைத்து அளப்போம். மற்ற ஊர் மண்ணெல்லாம் வெளிர் மஞ்சளில் நின்றது. கிழக்குக் கரை வயல்களின் குழாய்கள் கருப்பட்டிக் காபி நிறத்தில் நின்றன. மூன்று தடவை திரும்பச் செய்தேன், மூன்று தடவையும் அதேதான். பித்தளைச் சல்லடையிலிருந்து உதிர்வது ஒரு துளி. சல்லடையையே கரைத்து ஊற்றியிருந்தால்தான் அந்த நிறம் வந்திருக்கும். நீ ஃபைலைப் படித்தபோது இது உனக்கு ஏன் தோன்றவில்லை? நீ படித்தவன்தானே. அப்பா கையெழுத்து என்றதும் யோசிப்பதை நிறுத்திவிட்டாய். உன்மேல் கோபம் இல்லை, ஆனால் அதையும் நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ரிப்போர்ட் எழுதிக் கொடுத்த மறுவாரம் எங்கள் மேலதிகாரி, அண்ணன் முறை வைத்து முகர்ஜி தா என்போமே, அவர் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. பூஜைக்குப் பூஜை நம் வீட்டுக்கு சந்தேஷ் இனிப்பு கொடுத்தனுப்பியவர்தான். மேஜைமேல் ஸ்டோர்ஸ் ரெஜிஸ்டர் திறந்து கிடந்தது. "இதில் எல்லாமே பித்தளைச் சல்லடையாக இருக்கிறதே?" என்றார். நான் போய் மர வளையத்தைக் கொண்டுவந்து காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "அரே பாபா, இது எந்த ரெஜிஸ்டரில் இருக்கிறது? கொசு மொஷாரியை வெட்டிச் சலித்தேன் என்று சர்க்கார் ரிப்போர்ட்டில் எழுதுவாயா?" மறுபடி போய் மண் எடுத்து வருகிறேன் என்றேன். பார்க்கலாம் என்றார். வளையத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, "உன் பையனுக்கு அந்த ஸ்கூலில் இடம் கிடைத்துவிட்டதல்லவா? பாவம், நடுவில் மாற்றல் வந்தால் பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம்," என்றார். அவ்வளவுதான். சுரங்கத்திலிருந்து போன் வந்ததா, யார் பேசினார்கள் என்று எதையும் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என்ன எழுத வேண்டும் என்றுகூட அவர் சொல்லவில்லை. அந்த ரெஜிஸ்டரைப் பார்த்து நானே வாக்கியத்தைக் கண்டுபிடித்தேன். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

உனக்காகத்தான் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் ஸ்கூல், இந்த வீடு, பக்கத்திலேயே நம்மவர் கடைகள், உன் அம்மாவுக்கு இரண்டு பேர் பேச்சுத்துணை. உன்னைக் கேட்டா செய்தேன்? பயந்தேன், கையெழுத்துப் போட்டேன். பழியைத் தூக்கி ஒன்பது வயதுப் பிள்ளை தலையில் வைத்தேன். அதை இன்றைக்கு இறக்கிவிடுகிறேன். அதில் உனக்குப் பங்கு எதுவும் கிடையாது.

அடுத்து நடந்தது இது. அறுவடை முடிந்த பருவத்தில் லக்கன் மாஜி கல்கத்தாவுக்கே வந்துவிட்டார். ஒரு சாக்குப்பையில் தன் வயல் மண்ணைக் கட்டித் தோளில் சுமந்து ரயிலேறி, விசாரித்து விசாரித்து எங்கள் கூடத்து வாசலுக்கு வந்து என்னைக் கேட்டிருக்கிறார். பியூன் மாடிக்கு வந்து சொன்னான். நான் லீவில் இருப்பதாகச் சொல்லிவிடு என்றேன். ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தேன். காம்பவுண்டுக் குழாயடியில் உட்கார்ந்திருந்தார். பகல் சாப்பாட்டு நேரம் வரை அப்படியே இருந்தார். பிறகு பையைப் பியூனிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். பியூன் அதைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தான். "பாபு வந்ததும் குடுங்க. போன தடவை அவரு சல்லடை கெட்டுப்போச்சாமே, பாவம். இந்தத் தடவை நல்ல சல்லடையில போடச் சொல்லுங்க." அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதாமலே செத்திருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் என்னை நம்பிவிட்டுப் போனார்.

அந்தப் பையை நான் சோதிக்கவில்லை. கொட்டவும் மனசு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். நல்ல வயல் மண் என்று நினைத்து உன் அம்மா அதை மொட்டை மாடித் தொட்டிகளில் போட்டு முளைக்கீரை விதைத்துவிட்டாள். ஒரு நாள் ஆபீஸ் விட்டு வந்தபோது மஞ்சளாக ஒரு கீரைச் செடியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். வேரைத் திருப்பிக் காட்டினாள். அதே வேர். "ஏங்க, இது எந்த ஊரு மண்ணு?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். சல்லடையைச் செய்து கொடுத்தவள் அவள். கையெழுத்தைப் பற்றி அதுவரை அவளுக்குத் தெரியாது. "இதை நான் எம்பிள்ளைக்குக் கடைஞ்சு போட இருந்தேன்," என்றாள். பிறகு, "அங்க கடைஞ்சு போட்டுட்டுத்தானே இருப்பாக," என்றாள்.

அந்தத் தொட்டிகள்தான் நீ பார்த்து வளர்ந்தவை. ஒன்றில் சுண்ணாம்பு, ஒன்றில் சாணம், ஒன்றில் இரண்டும், ஒன்றில் குளத்து வண்டல், ஒன்றில் எதுவும் கலக்காமல், மற்றவற்றில் அளவை மாற்றி என்று ஒன்பது தொட்டி. ஆபீசில் செய்யாத வேலையை மாடியில் செய்தேன். சாணம் சுமக்க வைத்தே என்னை வெறுப்பேற்றினீர்கள் என்று நீ இப்போதும் கேலி செய்கிறாய். கீரை வளர்க்கிறோம், ஏன் தின்பதில்லை என்று அப்போது கேட்பாய், தண்ணீர் ஊற்று என்பேன். பந்து விளையாடி ஒரு தொட்டியை உடைத்தாய், அன்றைக்கு உன்னை அறைந்தேன். நான் உன்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். ஒரு சட்டிக்காகவா அடிச்சீங்க என்று அழுதாய். ஒரு சட்டிக்காக இல்லை என்று இப்போது உனக்குத் தெரிகிறது. என்னை மன்னித்துவிடு.

மூன்றாவது வருஷம் சுண்ணாம்பும் சாணமும் சேர்ந்த தொட்டியில் கீரை பச்சையாக வந்தது. பச்சையாக வந்துவிட்டது என்பதற்காகத் தின்னலாம் என்று நினைத்துவிடாதே. செம்பு எங்கேயும் போய்விடுவதில்லை. சுண்ணாம்பும் சாணமும் அதைப் பிடித்து உட்கார வைக்கின்றன, அவ்வளவுதான். போடுவதை நிறுத்தினால் மண் மறுபடி புளிக்கும், அது மறுபடி எழுந்துகொள்ளும். வருஷா வருஷம் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சேற்றில் செம்போடு வேறென்ன உலோகம் இருந்தது என்று நான் தேடவே இல்லை. நீ தேடு.

நீ முதல் தடவை போய்வந்து சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "கிழக்குப் பக்கம் நிலம் சும்மா கிடக்குப்பா. ஜனங்க செங்கல் சூளைக்குப் போயிட்டாங்க. சோம்பேறிங்கன்னு அங்க சொல்றாங்க." தம்பி, அந்த வார்த்தையை இனி உன் வாயால் சொல்லாதே. எதைப் போட்டாலும் மஞ்சளாகிச் சாகிற மண்ணில் அவர்கள் எத்தனை வருஷம் விதைத்துப் பார்த்திருப்பார்கள். அதே ஃபைலை நம்பித்தான் உன் திட்டத்தில் அந்த நிலத்தைச் சுத்தமானது என்று குறித்து வைத்திருக்கிறார்கள். குட்டையோரத்துக் குடும்பங்களை அங்கே குடியேற்றிக் காய்கறி போடச் சொல்லப் போகிறார்கள். அப்படிக் குறித்த நிலங்களின் பட்டியலில் நீ இந்த மாதமே கையெழுத்துப் போட வேண்டும் என்று நீயே சந்தோஷமாகச் சொன்னாய். உன் முதல் கையெழுத்து. அப்பனுடைய பொய்க்குமேல் மகனுடைய கையெழுத்தும் விழுந்தால், இந்தத் தடவை கீரையைக் கடைந்து பிள்ளைகளுக்குப் போடுவார்கள். அதை நான் தாங்க மாட்டேன்.

கையெழுத்துப் போடாதே. முதலில் மண் எடு. என் பெயரைச் சொல்லாமலே சோதனையைத் திரும்பச் செய்துவிடலாம் என்று உனக்குத் தோன்றும், என்மேல் இருக்கிற பிரியத்தில் தோன்றும். அப்படிச் செய்தால் பழைய காகிதத்தை எடுத்துக் காட்டி, இதுவும் சல்லடைக் கோளாறுதான் என்று உன்னையும் ஓரம் கட்டுவார்கள். அதனால் இதோடு இன்னொரு தாளும் வைத்திருக்கிறேன். உன் ஆபீசுக்கு, ஆங்கிலத்தில், நாலு வரி. நான் பொய் எழுதினேன் என்று நேராகவே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அன்றைய எண்கள் இருக்கிற என் சொந்த நோட்டும் கூட இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அப்பா பொய்யன் என்று நீ நாலு பேர் முன்னால் நீட்ட வேண்டியிருக்கும். அவமானமாகத்தான் இருக்கும். அண்ணாச்சி கடை வரைக்கும் வந்து சேரும். வரட்டும். உன் கை என் தோளில் இருந்த அந்த ஒரு நிமிஷத்தை நான் உன்னிடமிருந்து திருடிவிட்டேன், அதைத் திருப்பித் தர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உன் அம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அங்கே கொசு அதிகம் என்று உன் பழைய வலையைத்தான் ஹோல்டாலில் மடித்து வைத்திருக்கிறாள். அதற்கு நடுவில் மர வளையம் இருக்கும். முகர்ஜி தா மேஜையிலிருந்து அன்றைக்கு அதை நான் எடுத்து வந்துவிட்டேன், இத்தனை வருஷமாக அம்மாவின் பெட்டியில் கிடந்தது. யாராவது நம்பவில்லை என்றால் கால்மாட்டு மூலையில் இருக்கிற மஞ்சள் ஒட்டைப் பிரித்துவிட்டு, வளையத்து வலையைக் கழற்றி அந்த இடத்தில் வைத்துக் காட்டு. இழைக்கு இழை பொருந்தும். லக்கன் மாஜி உயிரோடு இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் எந்தச் சூளையில் இருந்தாலும் தேடிப் போய்ப் பார். இல்லாவிட்டால் அவர் வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் சொல். சல்லடை அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்.

அப்பா